பன்னிரண்டு கட்டங்களும் தமிழ் வினையும்: ஆங்கிலக் காலங்களைக் கற்பது பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்கும் எவரும் தவறாமல் கடந்துவரும் பாடம், 'டென்ஸ்' என்று வகுப்பறையில் வழங்கும் கால வாய்பாடு. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று வரிசைகளும், சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்று நான்கு பத்திகளுமாகப் பன்னிரண்டு கட்டங்கள் வரையப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியம் நிரப்பப்பட்டு, அவை மனப்பாடம் செய்யப்படுகின்றன. 'ஹேஸ் பீன்' எந்தக் கட்டத்தில் வரும், 'ஹேட் பீன்' எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டால் மாணவர் தடங்கலின்றி ஒப்பித்துவிடுகிறார். ஆனால் தாமே ஒரு வாக்கியம் பேச வேண்டிய இடத்தில் எந்தக் கட்டத்தைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். தமிழில் காலம் மூன்றுதான், ஆங்கிலத்திலோ பன்னிரண்டு, ஆகவே தமிழர்க்கு அது அந்நியம் என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் அடிப்படையிலேயே பிழையானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆங்கிலத்தின் பன்னிரண்டு கட்டங்கள் சுட்டும் வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைத் தமிழ் பேசுவோர் ஒவ்வொரு நாளும் தம் பேச்சில் மிக நுட்பமாகக் கையாள்கின்றனர். அதை நிறுவ, மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் மேற்கு மலைத்தொடரை நோக்கிய சமவெளியில் அமைந்துள்ள எழுமலையிலும் அதன் சுற்றூர்களிலும் வழங்கும் சாதாரணப் பேச்சே போதுமானது.

முதலில் இரண்டு கருத்துகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு நிகழ்ச்சி, பேசும் நேரத்துக்கு முன்னதா, அதே நேரத்ததா, பின்னதா என்று காட்டுவது காலம். அந்த நிகழ்ச்சியைப் பேசுபவர் எவ்வாறு நோக்குகிறார், முடிந்த முழுமையாகவா, நடந்துகொண்டிருக்கும் ஒன்றாகவா, முடிந்தபின் அதன் விளைவு நிலைத்திருக்கும் ஒன்றாகவா என்று காட்டுவது மொழியியலில் 'ஆஸ்பெக்ட்' எனப்படும். இதனைத் தமிழில் வினைநோக்கு எனலாம். 1976ஆம் ஆண்டு வெளிவந்த பெர்னார்ட் காம்ரியின் நூல் இவ்விரண்டின் எல்லைகளையும் உலக மொழிகள் பலவற்றைக் கொண்டு தெளிவாக வகுத்துக் காட்டியது. எழுமலைப் பேருந்து நிறுத்தத்தில் உசிலம்பட்டி வண்டிக்குக் காத்திருப்பவர்களின் பேச்சில் 'பஸ் போச்சு', 'பஸ் போய்க்கிட்டிருக்கு', 'பஸ் போயிருக்கு', 'பஸ் போயிருச்சு' என்னும் நான்கும் இயல்பாக வரும். முதலாவது நடந்ததை மட்டும் சொல்கிறது. இரண்டாவது போக்கின் நடுவே நின்று பார்க்கிறது. மூன்றாவது போனதன் விளைவையோ போனதற்கான தடயத்தையோ கொண்டு பேசுகிறது. நான்காவது இனி ஆவதற்கொன்றுமில்லை என்று முடித்துவைக்கிறது. இந்த வேறுபாட்டை எந்தக் குழந்தைக்கும் எவரும் கட்டம் போட்டுக் கற்பித்ததில்லை.

இவ்வளவு வளமான அமைப்பு தமிழ் இலக்கணப் பாடத்தில் ஏன் முன்னிலை பெறவில்லை என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியம் வினைச்சொல்லைக் காலத்தோடு தோன்றுவதாக வரையறுத்து, இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று காலங்களைக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் நன்னூல் ஒருபடி மேலே சென்று த், ட், ற், இன் ஆகியவற்றை இறந்தகால இடைநிலைகளாகவும், ஆநின்று, கின்று, கிறு ஆகியவற்றை நிகழ்கால இடைநிலைகளாகவும், ப், வ் ஆகியவற்றை எதிர்கால இடைநிலைகளாகவும் பட்டியலிடுகிறது. துணைவினைகளால் உண்டாகும் நோக்கு வேறுபாடுகள் இந்தச் சட்டகத்துக்குள் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. ஆயினும் பேசுபவரின் மனநிலை காலத்தை வளைக்கும் என்பதை முன்னோர் அறிந்தே இருந்தனர். விரைவு காரணமாக வருங்காலச் செயலை இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் வகுத்த விதி, இன்றும் வீட்டைவிட்டுக் கிளம்பாமலே கைபேசியில் 'இந்தா வந்துட்டேன்' என்று சொல்பவரின் வாயில் உயிரோடிருக்கிறது. அதை ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கம்' என்று பெயர்த்தால் கேட்பவர் வாசலைத் திறந்து பார்ப்பார். அங்கே பொருந்துவது 'ஐ ஆம் கமிங்' என்பதே. இ. அண்ணாமலை, ஹெரால்ட் ஷிஃப்மன், தாமஸ் லேமன் போன்ற தற்கால மொழியியலறிஞர்கள் விடு, இரு, கொண்டிரு, வை, போடு, ஆயிற்று முதலிய துணைவினைகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பள்ளித் தமிழ்ப் பாடநூலிலும் துணைவினைகளுக்கு இடமுண்டு. ஆனால் தமிழாசிரியர் நடத்தும் அந்தப் பாடமும், அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் நடத்தும் டென்ஸ் பாடமும் ஒரே பொருளைப் பற்றியவை என்று மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. உண்மையான இழப்பு இதுவே.

ஆங்கிலத்தின் பக்கமும் கட்டங்கள் இயற்கையாய் விளைந்தவை அல்ல. ஐரோப்பாவில் நெடுங்காலம் இலத்தீன் இலக்கணமே எல்லா மொழிகளுக்கும் அளவுகோலாக இருந்தது. 1795இல் வெளியான லிண்ட்லி மரேயின் இலக்கணம் அந்த வழியில் ஆங்கிலத்துக்கு ஆறு காலங்களைக் கூறியது. இந்தியப் பள்ளிகளில் நெஸ்ஃபீல்டின் நூல்களும், பின்னர் 1930களில் வந்து இன்றுவரை பதிப்புக் குறையாத ரென், மார்ட்டின் நூலும் வாய்பாட்டு முறையை நிலைபெறச் செய்தன. தற்கால ஆங்கில இலக்கணிகளோ, குறிப்பாக 1985இல் பேரிலக்கணம் ஒன்றை வெளியிட்ட ராண்டால்ஃப் குவர்க் குழுவினர், சொல்வடிவத்தை வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் இறந்தகாலம், நிகழ்காலம் என இரண்டே காலங்கள் உள்ளன என்கின்றனர். எதிர்காலத்தைச் சுட்டும் 'வில்' ஒரு துணைவினையே. இதற்கு இணையான செய்தி தமிழிலும் உண்டு: கின்று, ஆநின்று போன்ற நிகழ்கால இடைநிலைகள் சங்கப் பாடல்களில் அரிதாகவே காணப்படுவதால், பழந்தமிழ் வினை அமைப்பை இறந்தகாலம், இறப்பல்லாத காலம் என்ற இருமையாகக் காணும் அறிஞர்கள் உள்ளனர். எனவே 'மூன்றுக்குப் பன்னிரண்டு' என்ற கணக்கு இரு புறமும் தவறுகிறது. ஆங்கிலத்தில் இருப்பவை இரண்டு காலங்களும், தொடர்நிலை, நிறைவுநிலை என்னும் இரண்டு நோக்குகளும், அவற்றின் சேர்க்கைகளும்தான். இவ்வளவு சிறிய கருவித்தொகுப்பைப் பன்னிரண்டு தனித்தனிப் பொருள்களாக மாணவர் தலையில் ஏற்றுவது வீண் சுமை.

இரு மொழிகளும் பொருந்தும் இடத்தைவிடப் பிரியும் இடமே நுணுகிப் பார்க்கத்தக்கது. ஹான்ஸ் ரைஷன்பாக் 1947இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் பேசும் நேரம், நிகழ்ச்சி நேரம் ஆகியவற்றோடு, எந்த நேரத்தில் நின்று அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோம் என்னும் பார்வை நேரமும் உண்டு என்பது அவர் கருத்து. 'த பஸ் லெஃப்ட்' என்றால் பார்வை, வண்டி புறப்பட்ட அந்த நேரத்திலேயே நிற்கிறது. 'த பஸ் ஹேஸ் லெஃப்ட்' என்றால் பார்வை இப்போதைய நேரத்தில் நின்று, முன்பு நடந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. பார்வை இப்போதில் நிற்பதால்தான் 'எஸ்டர்டே' என்ற சொல்லை அதனுடன் சேர்க்க ஆங்கிலம் இடங்கொடுப்பதில்லை. தமிழில் 'நேத்தே வந்திருக்காரு' என்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அவர் நேற்று வந்த செய்தி பேசுபவருக்கு இப்போதுதான் தெரிந்தது என்னும் கூடுதல் பொருளையும் அது தருகிறது. இந்த அறிதற்பொருள் ஆங்கிலத்தின் 'ஹேவ்' வடிவத்தில் கிடையாது. ஆகவே 'இருக்கு' வந்தால் 'ஹேவ்' போடு என்று கைடுகள் கற்றுத்தரும் நேர்ச்சமன்பாடு, பாதி தூரம் உதவிவிட்டு மீதி தூரத்தில் மாணவரைக் கவிழ்த்துவிடுகிறது.

இதைவிடத் தெளிவான சான்று 'போயிருந்தேன்' என்னும் வடிவம். 'நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்' என்று எழுமலைக்காரர் ஒருவர் சொன்னால், அவர் சென்றார், அங்கே சிறிது நேரம் இருந்தார், இப்போது திரும்பிவிட்டார் என்னும் மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். நேற்று வீட்டுக்கு வந்து தேடியவருக்குத் தாம் ஏன் அகப்படவில்லை என்று காரணம் சொல்லும் தொனியும் அதில் உண்டு. இதையே அவர் 'ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே' என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் அடுத்து என்ன நடந்தது என்று காத்திருப்பார். ஏனெனில் ஆங்கிலத்தில் 'ஹேட்' நிறைவுநிலை, இறந்தகாலத்திலேயே உள்ள வேறொரு நேரத்தில் பார்வையை நிறுத்தி, அதற்கும் முன்பு நடந்ததைச் சொல்வதற்கு உரியது; அந்த இரண்டாவது நேரம் சொல்லப்படாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். தமிழ் வடிவமோ, தானே முடிந்துபோன ஒரு நிலையைக் குறிப்பதால் வேறு துணை வேண்டாமல் நிற்கிறது. இந்திய ஆங்கிலத்தில் 'ஹேட்' மிகுந்து வழங்குவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; தமிழரைப் பொறுத்தவரை இந்த ஒரு வினைவடிவத்தின் செல்வாக்கு வலுவானது என்று கருத இடமுண்டு. பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதைவிட, 'போயிருந்தேன்' சுமக்கும் மூன்று பொருள்களையும் பிரித்துக் காட்டி, அவற்றில் எதை ஆங்கிலம் 'ஐ வென்ட்' என்பதோடு விட்டுவிடுகிறது என்று விளக்குவது பத்து மடங்கு பயன் தரும்.

வினையின் உள்ளியல்பும் இதில் பங்கு கொள்கிறது. ஸீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நிலை, செயல், நிறைவேற்றம், எய்துகை என நான்காகப் பகுத்தார்: அறிதல் நிலை, ஓடுதல் செயல், வீடு கட்டுதல், முடிவை நோக்கிச் செல்லும் நிறைவேற்றம், வந்துசேர்தல் கணத்தில் முடியும் எய்துகை. தமிழில் 'உக்காந்திருக்காரு', 'படுத்திருக்காரு', 'வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு' என்பவற்றில் உட்காருதலும் படுத்தலும் போடுதலும் கணத்தில் முடிபவை. 'இரு' அவற்றின் விளைவாகிய நிலையைச் சொல்கிறது. ஆங்கிலம் அதே நிலையைத் தொடர்நிலையால், 'ஹி இஸ் சிட்டிங்', 'ஹி இஸ் லையிங் டவுன்', 'ஹி இஸ் வேரிங்' என்று சொல்கிறது. ஆகவே இங்கே தமிழின் 'இரு' ஆங்கிலத்தின் 'ஹேவ்' அன்று, 'இங்' ஆகும். சமன்பாடுகளை நம்பும் பயிற்சி நூல்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

எதிர்மறையில் நிலைமை தலைகீழாகிறது. இங்கே தமிழ் வேறுபாடுகளைக் கரைத்துவிடுகிறது, ஆங்கிலம் அவற்றைக் காப்பாற்றிக்கொள்கிறது. 'பஸ் வரல' என்ற ஒரே தொடர், நேற்று வரவில்லை என்பதற்கும், இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கும், இப்போது வந்துகொண்டிருக்கவில்லை என்பதற்கும் பொதுவானது. 'நேத்து', 'இன்னும்' போன்ற சொற்களே பொருளைப் பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் இவை 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்', 'இஸ் நாட் கமிங்' என மூன்றாகப் பிரிந்தே தீர வேண்டும். உடன்பாட்டு வாக்கியங்களில் ஓரளவு சரியாகப் பேசும் மாணவர், எதிர்மறைக்கும் வினாவுக்கும் வந்ததும் தடுமாறுவதன் ஒரு காரணம் இது. ஆனால் பாடநூல்களின் வரிசைமுறை உடன்பாட்டிலேயே நெடுநேரம் நின்றுவிட்டு, எதிர்மறையை 'நாட் சேர்க்கவும்' என்ற ஒரு குறிப்போடு முடித்துக்கொள்வதைப் பலமுறை காணலாம்.

இன்னொரு பிரிவு தொடர்வாக்கியத்தில் நேர்கிறது. 'எந்திரிச்சு, குளிச்சு, சாப்பிட்டு, பஸ் ஏறிப் போனான்' என்னும் தமிழ் வாக்கியத்தில் காலமும் இடமும் காட்டும் பொறுப்பு இறுதியிலுள்ள வினைமுற்றுக்கே உரியது. முன்னுள்ள வினையெச்சங்கள் அனைத்தும் அதன் காலத்தை ஏற்றுக்கொண்டு நடக்கின்றன. ஆங்கிலக் கதைகூறலில் 'காட் அப்', 'பேத்ட்', 'ஏட்', 'வென்ட்' என்று ஒவ்வொரு வினையும் தன் காலக்குறியைத் தானே சுமக்க வேண்டும். மாணவர் எழுதும் கட்டுரைகளில் முதல் வினை இறந்தகாலத்திலும் அடுத்தவை வெற்று வடிவத்திலும் நிற்பதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமன்று. ஒரு குறி போதும் என்ற தமிழ் ஒழுங்கு அங்கே வேறு திசையில் இயங்குகிறது. பிறர் கூற்றைச் சொல்லும்போதும் தமிழ் 'வர்றேன்னு சொன்னான்' என்று சொன்னவனின் காலத்தை அப்படியே காத்துக்கொள்ள, ஆங்கிலம் உள்ளிருக்கும் வினையையும் பின்னுக்குத் தள்ளுகிறது. 'மழை பெஞ்சா' என்னும் நிபந்தனை வடிவம் எக்காலத்துக்கும் பொதுவாய் நிற்க, ஆங்கிலம் வருங்கால நிபந்தனையை 'இஃப் இட் ரெய்ன்ஸ்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறது.

தமிழரின் ஆங்கிலத்தில் பெரிதும் கேலிக்குள்ளாகும் 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' போன்ற தொடர்களைத் தாய்மொழியின் மேல் சுமத்துவது வழக்கம். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்ற தமிழ் வாக்கியத்தில் தொடர்நிலை துளியும் இல்லை. 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று அப்பொருளில் எந்தத் தமிழரும் சொல்லார். எனவே இதன் வேரை வேறிடத்தில் தேட வேண்டும். 1950களில் சென்னை மாகாணப் பள்ளிகளில் புகுத்தப்பட்ட அமைப்புவழிப் பாடத்திட்டம், வாக்கிய அமைப்புகளைத் தரவரிசைப்படுத்தி, வகுப்பறையில் நடித்துக் காட்டிப் பயிற்றுவித்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடி 'ஐ ஆம் வாக்கிங் டு த டோர்' என்று சொல்ல, மாணவர் திரும்பச் சொல்வர். நடித்துக் காட்ட எளிதென்பதால் தொடர்நிலை முதலிடம் பெற்றது. எளிய நிகழ்காலம் பின்தங்கியது. முதலில் படிந்த வடிவமே எல்லா இடத்துக்கும் பரவியது என்ற விளக்கம் ஏற்கத்தக்கது. அதனுடன் 'இருக்கு' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'இஸ்' அல்லது 'ஆம்' என்று தொடங்கும் பழக்கமும் சேர்ந்திருக்கலாம். பிரஜ் கச்ரு போன்றோர் இந்திய ஆங்கிலத்தைத் தனக்கென ஒழுங்குகளையுடைய ஒரு வழக்காகக் கருத வேண்டும் என்று வாதிட்டனர். அந்த வாதத்துக்குரிய மதிப்பைக் கொடுக்கவேண்டும். எனினும் வேலைக்கான நேர்காணலில் அமரும் கிராமத்து இளைஞருக்கு எந்த வழக்கு எங்கே ஏற்கப்படும் என்று தெரிவித்துவிடுவது ஆசிரியரின் கடமை.

'பத்து வருஷமா எழுமலையில இருக்கோம்' என்பதன் நிலை சற்று வேறு. இங்கே தமிழ் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் 'வி ஹேவ் லிவ்ட்' என்று நிறைவுநிலையை வேண்டுகிறது. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளும் இப்பொருளுக்குத் தமிழைப் போலவே நிகழ்காலத்தையே ஆள்கின்றன. விதிவிலக்கான நடை ஆங்கிலத்துடையதே. இதைச் சொல்லிவிட்டால் மாணவரின் தாழ்வுணர்ச்சி பாதி குறையும். அதுபோல 'அந்தக் காலத்துல வாரம் ஒரு நாள் சந்தை கூடும்' என்பதில் எதிர்கால வடிவம் கடந்தகால வழக்கத்தைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆங்கிலத்தின் 'வில்' தன் இறந்தகால வடிவமாகிய 'வுட்' மூலம் அதே வேலையைச் செய்கிறது.

கற்பித்தல் ஆய்வுகள் இதுவரை சொன்னவற்றோடு எவ்வாறு இணைகின்றன என்பதும் கவனத்துக்குரியது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டம், இலக்கணத்தை முன்கூட்டி விளக்காமல், கால அட்டவணை பார்த்தல், வரைபடம் படித்தல் போன்ற பணிகளைக் கொடுத்து, பொருளில் கவனம் நிற்கும்போதே மொழி உள்ளே படியும் என்று காட்ட முயன்றது. ரோஜர் ஆண்டர்சனும் யசுஹிரோ ஷிராயும் 1990களில் வளர்த்தெடுத்த வினைநோக்குக் கருதுகோள், கற்பவர்கள் இறந்தகாலக் குறியை முதலில் எய்துகை போன்ற முடிவுடைய வினைகளிலும், 'இங்' குறியை முதலில் செயல்வினைகளிலும் இடுகிறார்கள் என்கிறது. கட்டம் கட்டமாகக் கற்பிப்பது மனம் கற்கும் வரிசையோடு பொருந்துவதில்லை என்பதற்கு இது சான்று. பிரபுவின் வழியில் செல்ல, ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் வகுப்பறை வேண்டும். பல ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம் பாடவேளையோடு நின்றுவிடுகிறது. அத்தகைய இடங்களில் தாய்மொழியை வெளிப்படையாகப் பயன்படுத்தி ஒப்பிட்டு விளக்குவதே விரைவான வழி என்பது இக்கட்டுரையின் துணிபு. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரியார்களுக்காகப் பேச்சுத்தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அதாவது மக்கள் பேசிய தமிழை இலக்கணத்துக்குரிய பொருளாக மதித்தார். பேச்சுத்தமிழின் வழியாக ஆங்கிலத்தை விளக்கும் பாடநூலுக்கும் அத்தகைய மதிப்பு வேண்டும்; மாணவர் பேசாத செந்தமிழ் வடிவங்களை ஆங்கிலத்துக்கு இணையாக வைத்தால் ஒப்பீடு உயிரற்றுப் போகும்.

எடுத்துக்காட்டாக, வாய்பாட்டின் கடைசி வரிசையில் கிடக்கும் 'ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்' கட்டத்தைக் கருதலாம். 'ஷேல் ஹேவ்', 'வில் ஹேவ்' என்று தொடங்கும் அந்த வடிவம் தேர்வுக்கு மட்டுமே உரியது, வாழ்க்கையில் யாரும் பேசுவதில்லை என்று கருதிப் பல மாணவர் அதை விட்டுவிடுகின்றனர். ஆனால் எழுமலையில் வண்டியைத் தவறவிட்டவரிடம் அருகில் நிற்பவர் 'இந்நேரம் உசிலம்பட்டி போயிருக்கும்' என்கிறார். கண்ணால் காணாத, ஆனால் முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஊகிக்கும் ஒரு நிகழ்ச்சியை எதிர்கால ஈறு கொண்ட நிறைவுநிலையால் சொல்லும் இந்த வாக்கியம், 'இட் வில் ஹேவ் ரீச்ட் உசிலம்பட்டி பை நவ்' என்பதோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது: 'போய்' என்பது 'ரீச்ட்' ஆகவும், 'இரு' என்பது 'ஹேவ்' ஆகவும், 'க்கும்' என்பது 'வில்' ஆகவும், 'இந்நேரம்' என்பது 'பை நவ்' ஆகவும் நிற்கின்றன. பாடத்தை இந்த வாக்கியத்திலிருந்து தொடங்கும் ஆசிரியர், கடைசி வரிசை வரை நடந்துபோய் அதைச் சேர வேண்டியதில்லை.